டொக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் வேன் வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் அத்தையைப் போல நெற்றியில் கையை வைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஓரமாக நண்டு நடை நடந்து காட்டினீர்கள். அம்மா சிரித்துவிட்டாள். அத்தையும் சிரித்தாள். நான் எழுந்து உள்ளே போனதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ஏன் போனேன் என்று வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இது நடந்து ஐந்து வருடம் இருக்கும். இதே வட்டவளைத் தேயிலைத் தோட்டம், இதே லயத்து வரிசை வீடு. அத்தைக்கு அப்போது இருபத்தாறு வயது. சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது, தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அது பெரிய தொல்லையாக இல்லை. கொழுந்து எடுக்க மலைக்குப் போன பிறகுதான் தொல்லை. நம்ம ஊர் மழை உங்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கண்ணாடி நனையும், இல்லாவிட்டால் பனி படியும். இடுப்பில் கட்டிய சாக்கும் ஈரமாக இருக்கும், அதில்தான் துடைக்க வேண்டும். ஒரு நாள் அப்படித் துடைத்துக்கொண்டே நடந்து, மழைத் தண்ணீர் ஓடுகிற கானில் வழுக்கி விழுந்துவிட்டாள். கண்ணாடி உடைந்து புருவத்தில் குத்தியது. அந்தத் தழும்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இனி அவளுக்குக் கண்ணாடியே இருக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். அத்தை எடுக்கவில்லை, நான்தான்.

கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் நான் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தவன். சிங்களம் அங்கேதான் படித்தேன். தோட்டத்தில் யாருக்குச் சிங்களத்தில் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு அது ஒரு பெருமை. லேசர் ஒபரேஷன் செய்தால் கண்ணாடியே வேண்டாம் என்று கொழும்பு நண்பர் ஒருவர் சொன்னார். கட்டிக்கொண்டிருந்த சீட்டை எடுத்தேன். அத்தையைக் கூட்டிக்கொண்டு கண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அந்த டொக்டர் நல்ல மனிதர், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சோதித்த பிறகு அவர் பத்து நிமிடத்துக்கு மேல் என்னிடம் பேசினார். சிங்களத்தில்தான். அவர் சொன்னது இதுதான்: இவருக்குக் கண்ணாடிப் பவர் அதிகம். வெளிச்சம் குறைந்த இடத்தில் கண்மணி மற்றவர்களைவிடப் பெரிதாக விரிகிறது. ஒபரேஷனுக்குப் பிறகு அட்டையில் உள்ள எழுத்தை நன்றாக வாசிப்பார். ஆனால் மங்கலான நேரத்தில், பனிமூட்டத்தில், விளக்கு வெளிச்சம் சிதறித் தெரியலாம். ஒரே நிறத்தில் இருப்பதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகலாம். நிறையப் பேருக்குக் கொஞ்ச நாளில் சரியாகிவிடும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும். இவருக்கு எங்கே வேலை என்று கேட்டார். தேயிலைத் தோட்டம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். அப்படியானால் நன்றாக யோசிக்க வேண்டும் என்றார்.

"நங்கிகென் அஹலா கியன்ன" என்றார். தங்கச்சியிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று அர்த்தம்.

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். அவளுக்குச் சிங்களம் தெரியாது, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன விஷயத்துக்கும் பயப்படுகிறவள். முழுவதையும் சொன்னால் வேண்டாம் என்று எழுந்துவிடுவாள், இவ்வளவு தூரம் வந்தது வீணாகும் என்று நினைத்தேன். அந்தச் 'சிலர்' யாரோ வேறு ஆள்கள் என்றும் நினைத்தேன்.

"ஒண்ணும் பயமில்லையாம் புள்ள. கண்ணாடி இல்லாமலே எல்லாம் தெரியுமாம்" என்றேன்.

"இம்புட்டு நேரம் பேசினாங்களே அண்ணே, அவ்வளவுதானா சொன்னாங்க?"

"அவ்வளவுதான்."

டொக்டரிடம் திரும்பி, தங்கச்சிக்குச் சம்மதம் என்று சிங்களத்தில் சொன்னேன். கையெழுத்தை அத்தைதான் போட்டாள். என்ன தாள் என்று கூட அவள் கேட்கவில்லை.

ஒபரேஷனுக்கு அடுத்த நாள் அட்டையின் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், தூரத்தில் நின்ற பஸ்களின் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பூண்டுலோயா, நுவரெலியா என்று சிறுபிள்ளை மாதிரி வாசித்துக்கொண்டே வந்தாள். அந்த ஒரு நாள் சந்தோஷத்தை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மழைக்காலம் தொடங்கியது. பனி இறங்கிய மலையில் அவளுக்குக் கொழுந்தும் முற்றிய இலையும் ஒன்றாகத் தெரிந்தன. ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கங்காணி அவள் கூடையைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "என்னா புள்ள, ஆட்டுக்கா இலை பறிச்ச?" என்று கேட்க, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்களாம். பகல் மூன்று மணிக்கே லைட் போட்டு வரும் வேன்கள் அவளுக்கு வேன்களாகத் தெரியவில்லை, கொளுத்திய மத்தாப்பு மாதிரித் தெரிந்தன. நீங்கள் நடித்துக் காட்டிய அந்த நண்டு நடை அப்போது வந்ததுதான்.

அவள் என்னிடம் சொன்னாள். நான் நம்பவில்லை. "கடைசி வரிய வாசிச்ச கண்ணுக்குக் கொழுந்து தெரியலையா? காலையில எழும்பி வேலைப் பெரட்டுக்குப் போகச் சோம்பல்னு சொல்லு" என்று உங்கள் அம்மா முன்னாலேயே சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. "கண்ணாடின்னா தொடைச்சுக்கலாம் அண்ணே. இப்ப எதத் தொடைக்கிறது?" என்றாள்.

நான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

ஆறு மாதம் கழித்து மறுபடி கண்டிக்குப் போனோம். அன்று தமிழ் பேசும் ஒரு முஸ்லிம் நர்ஸ் இருந்தார். அத்தை தன் கஷ்டத்தை முதல் முறையாகத் தன் வாயாலேயே சொன்னாள். நர்ஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்தார்.

"இப்படி வரலாம்னு டொக்டர் மொதல்லயே சொல்லியிருக்காரே தங்கச்சி. வேலை செய்ற இடத்தையும் கேட்டு எழுதியிருக்கு. ஒங்களுக்குச் சொல்லலையா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்திருப்பாள். பிறகு நர்ஸிடம் சொன்னாள்: "சொன்னாங்க மிஸ். அண்ணன் அன்னிக்கே எல்லாம் சொன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

அவள் எல்லாருக்கும் முன்னால் என்னைத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சொட்டு மருந்து கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது, மற்றது குறையவில்லை. மலை வேலையை விட்டுவிட்டு இப்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அது உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று இருக்கிறது. போன வருடம் அவளுக்குச் சிங்களத்தில் ஒரு அரசாங்கக் கடிதம் வந்தது. நான் வீட்டில்தான் இருந்தேன். மழையில் டவுனுக்கு நடந்து போய்ப் பலசரக்குக் கடை முதலாளியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒங்களுக்கு ஏன் சிரமம் அண்ணே" என்றாள். நல்ல மரியாதையாகத்தான் சொன்னாள்.

இனி அவளைப் போல நடித்துக் காட்டாதீர்கள். யாருக்காவது நீங்கள் வாயாக நிற்க வேண்டி வந்தால், கேட்டதைப் பாதியாக்கிக் கொடுக்காதீர்கள்.

நேற்று நீங்கள் எல்லாரும் கோவிலுக்குப் போன பிறகு, சின்னவளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். அன்றைக்கு டொக்டர் சொன்னதை ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒன்று விடாமல் தமிழில் எழுதினேன். கடைசியில், அவளிடம் கேட்கச் சொல்லி அவர் என்னிடம் கொடுத்த கேள்வியையும் எழுதினேன்: "உனக்குச் சம்மதமா?" அலமாரியில் அத்தை எடுத்து வைத்திருக்கும் பழைய கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தாளை மடித்து அந்த உடைந்த கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். அவள் எப்போது திறப்பாளோ தெரியாது. பதிலால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் கேட்டுச் சொல்லுங்கள் என்று அவர் என்னிடம் கொடுத்த வேலை ஐந்து வருடமாக என் தலையில்தான் கிடக்கிறது.