தடுப்பணிக்குப் பிழிந்த இடியப்பம்

ஒரு மாலை, நான் வேலை செய்யும் விடுதியின் சமையலறைப் பின்கதவில் என் மருமகள் வந்து நின்றாள். அக்காவின் ஒரே மகள். நனைந்த ஜாக்கெட்டுக்குள்ளிருந்து செம்மஞ்சள் நிறத் தொப்பி ஒன்றை எடுத்து, என்னைக் கேட்காமலே என் தலையில் வைத்தாள். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள். "தூரத்திலையிருந்தே தெரியும். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு வாங்கோ மாமா, ஒரு உதவி வேணும்" என்றாள். என் இரண்டு கையிலும் சவர்க்கார நுரை. தொப்பியைக் கழற்றவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை.

மறுப்பது எனக்கு எப்போதுமே கடினம். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே. எனக்குப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஒரு தொழிற்சாலையில் மீன் வெட்டினேன். இயந்திரச் சத்தத்தில் அங்கே யாரும் கதைப்பதில்லை, எனக்கு அது பிடித்திருந்தது. ஒஸ்லோவுக்கு வந்த பிறகும் கோப்பை கழுவும் இடத்தையே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்ட என்னை அவள் கூப்பிட்டது, பலர் பார்க்க மைதானத்தின் ஓரத்தில் நின்று சைகை காட்டுவதற்கு.

மருமகளின் தொழில் பகலில் பிசியோதெரபி. மாலையானால் பல்கலைக்கழக மாணவர்களின் அமெரிக்கன் ஃபுட்போல் அணிக்குத் தடுப்புப் பயிற்சியாளர். படிக்கிற காலத்தில் பெண்கள் அணியில் விளையாடியவள். தோள்மூட்டு விலகி, இனி விளையாட முடியாது என்று மருத்துவர் சொன்ன பிறகு பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள். அந்த விளையாட்டில் பந்தைக் கொண்டுபோகிற பக்கத்துக்கு ஒரு கோச், தடுக்கிற பக்கத்துக்கு இன்னொரு கோச். "பந்தோடை வாறவனை முன்னுக்குப் போக விடக்கூடாது. அவ்வளவுதான் மாமா என்ரை வேலை" என்று எனக்கு விளக்கினாள். அதற்கு மேல் இன்றுவரை எனக்கும் பெரிதாக விளங்கியதில்லை.

அக்காவுக்கு அவ்வளவுகூட விளங்கவில்லை. "தலையிலை சட்டியைக் கவிட்டுக்கொண்டு ஆளையாள் முட்டுற பெடியளுக்கு நடுவிலை இவளுக்கு என்ன அலுவல்?" என்பாள். மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "பிசியோதெரபி" என்று சொல்லிவிட்டு உடனே காலநிலையைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவாள்.

அந்த வருடம் மருமகளுக்குச் சோதனையான வருடம். அணி முதற்பிரிவில் நிலைத்தால் அவளே தொடரலாம், கீழே இறங்கினால் அமெரிக்காவிலிருந்து ஒருவரை வரவழைப்போம் என்று கழகத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதற்கு நடுவில் இன்னோர் இடைஞ்சலும் வந்தது. ஒவ்வொரு முறையும் பந்து புறப்படுமுன், தடுப்பவர்கள் எப்படி நிற்க வேண்டும் என்பதை ஓரத்திலிருந்து சைகையால் சொல்ல வேண்டும். எதிரணிக்காரர்கள் அந்தச் சைகைகளைப் படம்பிடித்துப் பார்த்துப் பாடமாக்கிவிட்டார்கள். ஆகவே அவள் மூன்று பேரை நிறுத்தத் தீர்மானித்தாள். மூவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சைகை காட்டுவோம். ஒருவருடையது மட்டும் உண்மை.

"உங்கடை பொய், மாமா. அவங்களை ஏமாத்த மட்டுந்தான். கை பிழைச்சாலும் ஒண்டுமில்லை."

பொய் என்றதும் எனக்கு மூச்சு வந்தது.

சைகைகளை என் சமையலறையில் வைத்தே உண்டாக்கினோம். எனக்கு நினைவில் நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றாள். அவள் 'தோசை' என்றால் உள்ளங்கையை வட்டமாகச் சுழற்ற வேண்டும். 'தேங்காய்' என்றால் ஓங்கி உடைக்க வேண்டும். 'இடியப்பம்' என்றால் இரண்டு கையாலும் உரலை அழுத்தி முறுக்கிப் பிழிய வேண்டும். மற்ற இருவருக்கும் அவள் நோர்வேஜிய மொழியில் சொன்னாள், எனக்குத் தமிழில். வேகமாகச் சொன்னால் எனக்கு நோர்வேஜியன் பிடிபடாது, அதுதான் காரணம் என்று நம்பினேன்.

அந்தக் கோடை முழுவதும் நின்றேன். பிழைத்தாலும் ஒன்றுமில்லை என்பது எவ்வளவு பெரிய சுகம்! தோசையை ஊருக்கே வார்ப்பதுபோல் வார்த்தேன். தடுப்புப் பெடியன்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். பொய்க்கு நிற்கிற ஆளையும் மதித்துப் பார்க்கிறார்களே, நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

சும்மா நின்றபடியால் அவள் வேலை செய்யும் விதத்தையும் பார்க்க முடிந்தது. நெட்டையான ஒரு மாணவன் இருந்தான். எதிரியை விழுத்தினால் உடனே மன்னிப்புக் கேட்டுக் கைகொடுத்துத் தூக்கிவிடுவான். அந்த மன்னிப்பு விழுத்துவதற்கு முன்பே அவன் மனதில் வந்துவிடுவதால் பாதிப் பேர் தப்பிவிடுவார்கள். மற்றவர்கள் அவனைப் பகிடி பண்ணினார்கள். அவள் பகிடி பண்ணவில்லை. யோசிக்க நேரமே கிடைக்காத நடு இடத்துக்கு அவனை மாற்றினாள். "மன்னிப்புக் கேள், நல்ல பழக்கம். ஆனால் முதலில் விழுத்து" என்றாள். பிறகு அவன் விழுத்தாத ஆள் இல்லை, கேட்காத மன்னிப்பும் இல்லை.

கடைசி ஆட்டத்துக்கு முன், முதற்பிரிவில் நிலைக்க ஒரு வெற்றி தேவைப்பட்டது. ஞாயிறு என்றிருந்த ஆட்டம் மைதானப் பிரச்சினையால் சனிக்கு மாறியது. சனிக்கிழமை பக்கத்து நகரமான திராமனில் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். "பொய்க்குக் கை காட்டுற உனக்கும் ஒரு மட்ச்சோ? பேசாமல் வா" என்றாள் அக்கா. எனக்கும் நியாயமாகப் பட்டது. பொய்யாள் வரவில்லை என்று அந்த அவசரத்தில் மருமகளுக்குத் தொலைபேசி எடுத்து அலுப்புக் கொடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

பந்தியில் பாயசத்துக்குக் காத்திருந்தபோது சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது.

"மாமா, எங்கை நிக்கிறியள்?"

"திராமனிலை பிள்ளை. பந்தியிலை."

மைதானத்துச் சத்தத்திலிருந்து தள்ளிப் போனாள் போலிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாமா, உங்கடை கைதான் உண்மை. முதல் நாளிலையிருந்து. மற்ற ரெண்டு பேரும்தான் பொய். இண்டைக்கு நானே காட்டிப் பாத்தன், என்னை எல்லாரும் பாக்கினம், உடனை பிடிச்சிடுறாங்கள்."

பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆர் செத்தது?" என்றாள். விசயத்தைச் சொன்னேன். வாழையிலையை மடித்தாள். "அப்ப இவ்வளவு நாளும் அந்தப் பெடியள் உன்னைப் பாத்தோ விளையாடினவங்கள்? கடவுளே! எழும்படா. என்ரை பிள்ளையின்ரை வேலையெல்லோ போகப்போகுது."

மகள் மைதானத்தில் செய்வதை வேலை என்று அக்கா சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அத்தானைப் பந்தியில் விட்டுவிட்டு அக்கா பட்டுச் சேலையோடு காரை ஓட்டினாள். வேகக் கமராக்களைக் கண்டால் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போனாள். "என்னாலை ஏலாது அக்கா. அவ்வளவு பேருக்கு முன்னாலை" என்றேன்.

"உன்னை ஆர் கதைக்கச் சொன்னது? கையைத்தானே ஆட்டப்போறாய்!"

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கொட்டும் மழையில் பாதி ஆட்டம் முடிந்து, எங்கள் அணி பின்னால் நின்றது. அணிக்காக வாஃபிள் பணியாரம் விற்றுக்கொண்டிருந்த பெடியன்களின் பெற்றோர் எல்லோரும் என் வேட்டியைப் பார்த்தார்கள். மருமகள் ஏசவில்லை. தன் மழைக்கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "தோசை, மாமா" என்றாள். வார்த்தேன். வேட்டியில் தண்ணீர் சொட்டச் சொட்ட வார்த்தேன். இரண்டு அணியும் மாறி மாறி முன்னேறி, கடைசியில் எங்கள் அணி மயிரிழையில் முன்னால் வந்தது.

முடிவதற்குச் சற்று முன் எதிரணி எங்கள் எல்லைக் கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. ஒரேயொரு முயற்சிதான் பாக்கி. அதைத் தடுத்தால் மருமகள் இருப்பாள், தடுக்காவிட்டால் போய்விடுவாள். அது எனக்கே விளங்கிற்று, விளங்கியதுதான் வினையாகிவிட்டது. "இடியப்பம்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தும் கை எழும்பவில்லை. எழும்பியபோதும் பிசைந்தது, பிழியவில்லை. பெடியன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

எனக்குப் பின்னால், பார்வையாளர் கயிற்றுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னடா இது, காய்ச்சல்காரன் மாதிரி! மா இறுகிப்போச்செண்டு நினை! அழுத்திப் பிழியடா!"

அந்தக் குரலுக்கு நான் சின்ன வயதிலிருந்தே கீழ்ப்படிந்து பழகியவன். பல்லைக் கடித்துப் பிழிந்தேன். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் பாய்ந்தார்கள். அதுதான் இடியப்பத்தின் அர்த்தம் என்று அப்போதுதான் அறிந்தேன். ஆட்களின் குவியலை நடுவர்கள் ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தபோது, அடியில் பந்துக்காரன் கோட்டைத் தாண்டாமல் கிடந்தான். அவனுக்கு மேல் கிடந்த நெட்டையன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"முடிஞ்சுதோ?" என்று அக்கா கேட்டாள்.

"முடிஞ்சுது அம்மா. அடுத்த வருசமும் நான்தான்."

"நல்லது. சாப்பிட்டனியோ?"

மருமகள் சிரித்த சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. காருக்கு நடக்கும்போது, ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன். "உண்மையெண்டு சொல்லியிருந்தா வந்திருப்பியளோ, மாமா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வந்திருக்க மாட்டேன். நெட்டையனுக்கு ஓரிடம் கண்டுபிடித்ததுபோல எனக்கும் ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள்.

அதன் பிறகும் சில வருடங்கள் அவள் இங்கே பயிற்சி கொடுத்தாள். இப்போது அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியின் தடுப்புப் பயிற்சியாளர்களில் ஒருத்தி. சனிக்கிழமைகளில் அக்கா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று சத்தம் போடுகிறாள். காலநிலையைப் பற்றி யாரிடமும் கதைப்பதில்லை.

இந்த வசந்தத்தில் இங்கே புதிய கோச் ஒருவன் வந்திருக்கிறான். பேர்கன் நகரத்துப் பெடியன். விடுதிக்கு என்னைத் தேடி வந்து, ஓரத்தில் நிற்க ஆள் வேண்டும் என்றான். நேர்மையானவன் போலிருக்கிறது, ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பிழைத்தால் எங்களுக்குப் பெரிய சேதம்" என்று மெதுவாக, எனக்கு விளங்கும்படி சொன்னான். கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினேன்.

பிறகு, எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டேன்.