மிச்சம் நின்ற எண்

நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்து, நான் முன்பு வேலை பார்த்த, செங் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையின் எஞ்சினியர் கவிதா, காஜா பெராங் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் பழுப்பேறிய பிரிண்ட் தாள்கள். பிஸ்கட் டின்களை எடைபோடும் மெசினுக்கு, இளம் டெக்னீஷியனாக இருந்தபோது நான் ஃபோர்த் என்ற கணினி மொழியில் எழுதிய புரோகிராம் அது.

"அங்கிள், மத்தியானம் ஆனா மெசின் நின்னுடுது. ஆஃப் பண்ணிப் போட்டா ஓடுது, மறுபடி நிக்குது. மோட்டார், சென்சர் எல்லாம் மாத்தியாச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடுவாங்க லா."

அந்த லைனில் வேலை செய்யும் எட்டுப் பேரைத் தூரத்து ஜொகூருக்கு மாற்றிவிடுவார்களாம். அதில் நான்கு பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள்.

பொழுதுபோக்குக்காக, பிரவுசரில் ஓடும் ஒரு சின்ன ஃபோர்த்தை என் லேப்டாப்பில் வைத்திருந்தேன். தாளில் உள்ளதைக் கவிதா வாசிக்க, நான் டைப் செய்தேன். பிரவுசரில் சென்சர் கிடையாது. அதனால் எடையைக் கையாலேயே கொடுக்க ஒரு கட்டளை எழுதிச் சேர்த்தேன்.

ஃபோர்த்தில் எண்களைத் தட்டுகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோம். அதற்கு ஸ்டாக் என்று பெயர். வேலை முடிந்ததும் அது காலியாக இருக்க வேண்டும். சரியான எடையில் பத்து டின் கொடுத்தேன். காலி. எடை குறைந்த டின் ஒன்று கொடுத்தேன். ரிஜெக்ட் ஆனது, ஆனால் ஸ்டாக்கில் ஓர் எண் மிச்சம் நின்றது. இன்னொன்று கொடுத்தேன். இரண்டு எண்கள்.

கவிதா திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மெசின் மேல தப்பு இல்ல."

"இல்லம்மா. என் மேலதான்."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நானும் சிரித்துவிட்டேன்.

என் காலத்தில் நாளுக்கு இரண்டு மூன்று டின்தான் ரிஜெக்ட் ஆகும். மாலையில் மெசினை அணைத்தால் ஸ்டாக்கும் காலியாகிவிடும். இப்போது வரும் புது டின்கள் லேசானவை. ரிஜெக்ட் கூடி, மத்தியானத்துக்குள் ஸ்டாக் நிரம்பி வழிந்து மெசின் நின்றிருக்கிறது.

ரிஜெக்ட் செய்யும் இடத்தில், ஸ்டாக்கின் மேல் எண்ணை எடுத்துவிடும் DROP என்ற ஒரு சொல்லைச் சேர்த்தேன். பிரவுசரில் இருநூறு குறை டின்களை ஓட்டியும் ஸ்டாக் காலியாகவே இருந்தது. மறுநாள் கவிதா அதை மெசினில் ஏற்றினார். மாலை வரை நிற்கவில்லை. யாரும் ஜொகூர் போகவில்லை.

ரிப்போர்ட்டில் காரணம் என்ன எழுதுவது என்று போனில் கேட்டார். என் பெயரையே எழுதச் சொன்னேன்.

இதை எழுதிய அந்தக் காலத்தில், நல்ல டின்களை நாள் முழுக்க ஓட்டிச் சோதித்தவன் நான். குறை டின்னை ஒரே ஒரு தடவை ஓட்டினேன். அது வெளியே விழுந்ததைப் பார்த்தேன், உள்ளே என்ன தங்கியது என்று பார்க்கவில்லை. புரோகிராம் எழுதும் தம்பி தங்கைகளே, உள்ளேயும் ஒரு தடவை பாருங்கள்.