மட்கார்டைத் தொட்டுப் பார்த்தேன்

எழுபதுகளின் நடுவில் ஒரு நாளிதழுக்குச் சூரியநெல்லித் தேயிலை மலைப் பக்கத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். அச்சில் படித்துவிட்டால் எந்த வேலையும் தெரிந்துவிடும் என்று நம்பிய வயது.

ஒருநாள் செய்திக்காக நான் ஏறிப் போன எஸ்டேட் ஜீப் ஏற்றத்தில் திணறியது. கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போதிய அழுத்தத்தோடு போகிறதா என்று பார்க்க, டிரைவர் குழாயின் நடுவே பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டி, பானட்டைத் திறந்துவைத்து இன்ஜினை ஓட்டினார். முள் சரியாக நின்றதும் இன்ஜினை அணைத்தார். இனி கேஜைக் கழற்றிக் குழாயைப் பழையபடி பூட்ட வேண்டும். நாலு மணிக்கு மானேஜர் தோட்டம் சுற்றுவார். வண்டி வரவில்லையென்றால் டிரைவர் வேலை போய்விடும். போன வாரமே மானேஜர் அப்படிச் சொல்லியிருந்தார்.

"அரை மணி நேரம் ஆறட்டும் சார். நான் நல்ல துணி ஒண்ணு எடுத்தாரேன்" என்று டிரைவர் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் போனார்.

ஜீப்பின் கையேட்டை நான் படித்திருந்தேன்: இன்ஜினை ஆறவிடு, குழாய் இணைப்பைத் துணியால் சுற்று, மெதுவாகத் தளர்த்து. அதற்குள் மூடுபனி இறங்கியிருந்தது. மட்கார்டைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. ஒரே ஆளை விசாரித்துச் செய்தி எழுதுகிறவன் போல, ஆறிவிட்டது என்று முடிவு கட்டினேன். என் கைக்குட்டையைச் சுற்றி ஸ்பேனரைத் திருப்பினேன்.

பெட்ரோல் பீச்சியது. கைக்குட்டையை மீறிச் சொட்டி, கீழே புகைக்குழாயில் விழுந்து சுர்ரென்று ஆவியாயிற்று. ஓடி வந்த டிரைவர் என்னைத் தள்ளிவிட்டு இணைப்பை இறுக்கினார்.

"எதத் தொட்டுப் பாத்திய?"

"மட்கார்டை அண்ணே."

"பனியில அது சில்லுன்னுதான் இருக்கும். கீழ கை வச்சிருந்தா வெந்து புத்தி வந்திருக்குமே! ஒங்களுக்கு வீட்ல யாராவது இருக்காவளா, இல்லையா?"

பெட்ரோல் நெடி போகும்வரை என்னைப் பத்தடி தள்ளி நிறுத்தினார். நன்றாக ஆறிய பிறகு அவரே கேஜைக் கழற்றிக் குழாயைப் பூட்டினார். இன்ஜினை ஓட்டிக் கசிவு இல்லையென்று பார்த்தார். நாங்கள் பங்களாவை அடைந்தபோது நாலேகால். மானேஜர் வாசலில் நின்றிருந்தார்.

"பேப்பர்காரர் என்னப் பேட்டி எடுத்தாரு தொர. அதான் நேரமாயிருச்சு" என்றார் டிரைவர்.

மானேஜரின் முகம் மலர்ந்தது. எஸ்டேட் பெயரைச் சரியாகப் போடும்படி என்னிடம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

டிரைவர் சொன்னது முழுப் பொய்யல்ல. பேட்டி நடந்தது, கேள்வி கேட்டது மட்டும் அவர்.