‘வர்றோம்’ என்று சொல்லிவிட்டோம்

பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கேட். கட்டைவிரல் கனத்தில் ஒரு சங்கிலி, அதில் துருவேறிய பூட்டு. என் அடுப்படி ஜன்னலில் நின்றால் இன்றைக்கும் தெரிகிறது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பூங்கா வாட்சர் விசில் ஊதுவார். “யாராச்சும் உள்ள இருக்கீகளா?” என்று மூன்று தரம் கத்துவார். பிறகு சங்கிலி கேட்டில் உரசும். எட்டு வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் அந்தச் சத்தம் பழகவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

அந்தக் கேட்டுக்குள் முதன்முதலாக நான் போனது என் கணவரின் அக்காவோடு. மதினி என்றுதான் கூப்பிடுவேன். அப்போது போடி கடைவீதியில், மாமனாரின் ஏலக்காய்க் கடைக்கு மேலே எல்லோரும் ஒன்றாக இருந்தோம். வீடு என்று பேர்தான். மாடிப்படி நெடுக மூட்டை. ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடைத் தகரம். வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆகா என்ன வாசனை என்பார்கள். அவர்களுக்கென்ன, ஒரு மணி நேரத்தில் போய்விடுவார்கள்! எனக்குத் தலையணையிலும் அந்த வாசனை, குடிக்கிற தண்ணீரிலும் அந்த வாசனை. மூச்சு முட்டியது. குரங்கணி ரோட்டில் மனை வந்திருக்கிறது என்று காதில் விழுந்ததும் கணவரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன். பக்கத்திலேயே வனத்துறைப் பூங்கா, காற்றுக்குப் பஞ்சமே இல்லை என்று தரகர் வேறு ஆசை காட்டியிருந்தார். ஏலக்காய் ஏலம் நடக்கிற நாள் என்பதால் கணவருக்கு ஒழியவில்லை. “அக்காவக் கூட்டிக்கிட்டு நீயே போயிப் பாத்துட்டு வா” என்றார். விட்டால் போதும் என்று கிளம்பினேன்.

மதினி கல்யாணமான ஒன்பதாம் மாதம் திரும்பி வந்தவர். அதன் பிறகு அன்றைக்கு வரை பத்தொன்பது வருஷம் கடையின் பின்கட்டில், மடியில் முறத்தோடு, காய் தரம் பிரித்தார். பச்சைக் காய் ஒரு பக்கம், வெடித்தது ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவார், அதுவும் யாராவது துணையோடு. “எம் மக வீட்டோட இருக்கா” என்று மாமா வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். மதினி முறத்தை விட்டுத் தலையைத் தூக்கமாட்டார். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் ஏறியதும், “சன்னலோரம் எனக்குத்தான், சொல்லிப்புட்டேன்” என்று என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். நாற்பதை நெருங்கிய மனுஷி!

மனையைப் பார்க்கப் பத்து நிமிஷம் ஆனது. நாலு கல் நட்ட வெறுந்தரையில் என்ன இருக்கிறது பார்க்க? இந்தப் பக்கம் குடிவந்தால் மனசுக்கு ஒட்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் பூங்காவுக்குள் போனோம். மலையடிவாரம், ஒரு ஓடை, மரத்துக்கு மரம் பெயர்ப்பலகை. காட்டுமாடு வராமல் இருக்கச் சுற்றிலும் கம்பிவேலி. பொழுதடைந்தால் வேலியில் கரண்ட் ஓடும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஓடையோரத்து நிழலில் ஒரு ஏலச்செடி நின்றது. மதினி அதற்கு முன்னால் நின்றவர் நகரவேயில்லை. நான் பலகையைப் படித்துச் சொன்னதும் குத்தவைத்து உட்கார்ந்து தரையைத் தடவினார். வேரடியிலிருந்து ஒரு தண்டு மண்ணோடு கிடந்தது, அதில் இரண்டு வெள்ளைப் பூ. “ஆத்தீ! காலடியிலயா காய்க்கும்? மேல, மாங்கா மாதிரி தொங்கும்னுல்ல நெனச்சிருந்தேன்.” எனக்குச் சுருக்கென்றது. அண்ணாந்தால் ஏலமலை தெரிகிற ஊரில் பிறந்து, லோடு லோடாகக் காயைக் கையால் பொறுக்கிய பெண் செடியைப் பார்ப்பது அன்றைக்குத்தான்.

அப்போதுதான் விசில் கேட்டது. “யாராச்சும் உள்ள இருக்கீகளா?” என்று குரல் வந்தது. “வர்றோம்ணே!” என்று நான் கத்தினேன். மதினியும் “வர்றோம், வர்றோம்!” என்றார். ஆனால் எழுந்திருக்கவில்லை. அவரைக் கிளப்பி, நடந்து கேட்டுக்கு வந்தால் சங்கிலி பூட்டிக் கிடக்கிறது. வாட்சரைக் காணவில்லை. ரோட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கேட்டைப் பிடித்து உலுக்கினேன், கத்தினேன். கடைவீதி வீட்டிலிருந்து தப்பிக்க வழி பார்க்க வந்து, இங்கே வந்து மாட்டிக்கொண்டேனே என்று அழுகையே வந்தது.

போனை எடுத்தேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். “செத்த பொறு ஆத்தா. போன் போட்டா வெரசா வந்து கூட்டிட்டுப் போயிருவாக. நாம எங்க இருக்கோம்னு இப்ப ஒருத்தருக்கும் தெரியாதுல்ல? கொஞ்ச நேரம் இப்படியே இருப்போம்.” கேட்டை ஒட்டிய சிமென்ட் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்தார். மலை மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்க்காமலேயே கேட்டார்: “நீ இங்க வந்துட்டா எனக்கும் ஒரு எடம் இருக்குமாத்தா? அந்த முறத்த இனி என்னால பாக்க முடியல. பைத்தியம் பிடிச்சிரும்போல இருக்கு.” யோசிக்கவே இல்லை நான். “உங்களுக்குன்னு ஒரு ரூமு மதினி. சன்னல் இந்தப் பக்கம் பாத்து” என்றேன். சத்தியமாகத்தான் சொன்னேன்.

இருட்டுவதற்குள் கணவருக்குப் போன் போட்டேன். அவர் யாரையோ பிடித்துச் சொல்ல, வாட்சர் சைக்கிளில் வந்து திறந்தார். பாவம், அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “வேன்ல வந்த கூட்டம் கெளம்புற நேரம்மா. வர்றோம்னு பொம்பளக் கொரலு கேட்டுச்சு. அவுகதான் சொல்லிட்டுப் போறாகன்னு நெனச்சுட்டேன். வர்றோம்னா போறோம்னுதானே அர்த்தம்? இனிமே உள்ள இருந்தா ‘இருக்கோம்’னு சொல்லுங்க. பூட்ட மாட்டேன்.” மதினி சிரித்த சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுப் படியேறியதும் மாமா, “பொட்டச்சிகளுக்குக் காட்டுல என்ன சோலி?” என்று ஆரம்பித்தார். அதன் பிறகு மதினிக்கு வெள்ளிக்கிழமைக் கோயிலும் நின்றது. மனையை வாங்கினோம், கட்டினோம். சொன்னபடி ஒரு அறை, பூங்காவைப் பார்த்து ஜன்னல். “மகள வெளிய அனுப்பிட்டான்னு ஊரு பேசவா? நீங்க போங்க, அவ வரமாட்டா” என்று மாமா ஒரே வார்த்தையில் முடித்தார். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு இறங்கிவிட்டார். நானும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி. சண்டை போட்டால் என்னையும் போகவிடாமல் செய்துவிடுவார்களோ என்ற பயம். அதுதான் உண்மை. சாமான் ஏற்றிய அன்று வாசலில் நின்று, “வர்றேன் மதினி” என்றேன். அவர் தலையாட்டினார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இப்போது மாமா படுக்கையில். ஊட்டிவிடவும் மலம் மூத்திரம் அள்ளிப் போடவும் ஆள் மதினிதான். போன மாதம் மதினிக்கென்று கட்டிய அறையில் கணவர் ஏலக்காய் மூட்டை அடுக்கிவிட்டார். “சும்மாதானே கெடக்கு” என்கிறார். ஜன்னல் பாதி மறைந்துவிட்டது. இந்த வீட்டுத் தலையணையிலும் அந்த வாசனை வந்தாயிற்று.

நேற்றும் ஐந்து மணிக்கு விசில் ஊதியது. யாராச்சும் உள்ள இருக்கீகளா என்று மூன்று தரம் கேட்டு, பதில் இல்லை என்று வாட்சர் சங்கிலியை இழுத்தார். நான் போனை எடுத்து மதினிக்குப் போட்டேன். முறத்தில் காய் உருளும் சத்தம் முதலில் கேட்டது.

“எப்படி இருக்கீங்க மதினி?”

“இருக்கேன்த்தா” என்றார்.