பொன்னாத்தாளுக்கு எட்டும் உயரம்

பாலக்காட்டில் நல்ல வீடாக நாலைக் காட்டி, யார் கட்டியது என்று கேட்டால் ஆர்க்கிடெக்ட் மரியஜோசப் கட்டியது என்பார்கள். அது பொய்யில்லை, போர்டில் அவர் பெயர்தான் இருந்தது. ஆனால் அந்த நாலில் மூன்றை வரைந்தவன் சென்னிமலை. அவன் பெயர் எந்தப் போர்டிலும் ஏறவில்லை. அதற்குக் காரணம் நான். சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்ற பயத்தில் இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் குப்பண்ணன். மரியஜோசப் ஆபீசில் நான் டிரேசர். பெரிய வேலை ஒன்றுமில்லை. சென்னிமலை பென்சிலில் வரைந்த படத்தின்மேல் கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மையால் இழுக்க வேண்டும். மூளை வேண்டாம், கை நடுங்காமல் இருந்தால் போதும். முடித்ததும் வலது கீழ் மூலையில் என் பெயரின் இரண்டு எழுத்தைப் போட வேண்டும். தப்பு வந்தால் யார் காதைத் திருகுவது என்று முதலாளிக்குத் தெரிய வேண்டுமே. பதினோரு வருடம் தினமும் போட்டிருக்கிறேன். சாப்பிட்டதும் கை கழுவுகிற மாதிரி அது எனக்கு.

சென்னிமலை பாலக்காட்டை அடுத்த சித்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. அண்ணன் வயலைப் பார்த்துக்கொள்ள, இவன் ஸ்கேலும் பென்சிலுமாக ஆபீசுக்கு வந்தான். ஆபீசில் அவனை அசிஸ்டென்ட் என்போம். எனக்கு மேலே, முதலாளிக்குக் கீழே, இரண்டு பக்கமும் இடிபடுகிற இடம். முதலாளி வாயால் சொல்வதை இவன் படமாக்குவான். படம் நன்றாக வந்தால் அது முதலாளியுடையது, கோணினால் இவனுடையது.

அவனுக்கு ஒரே ஆசைதான். தானும் ஆர்க்கிடெக்ட் ஆகிவிட வேண்டும். சென்னையில் ஒரு சங்கம் தபாலில் பாடம் அனுப்பிப் பரீட்சை நடத்தியது. எட்டு வருடம் ஒவ்வொரு பேப்பராக எழுதி எல்லாவற்றிலும் தேறிவிட்டான். பாக்கி இருந்தது கடைசிப் பரீட்சை. சொந்தமாக யோசித்த ஒரு கட்டடத்தை ஆறு துணிகளில் வரைந்து அனுப்ப வேண்டும். ஒரு கோடு விடாமல் தன் கையாலேயே வரைந்ததாக உறுதிமொழி எழுதித் தர வேண்டும். துணியில் நம்பர் மட்டும்தான், பெயர் கூடாது. முப்பத்தைந்து வயதுக்கு மேல் வாய்ப்பும் கிடையாது. 1927-ஆம் வருடம் அவனுக்கு முப்பத்தைந்து நடந்தது.

மற்றவர்களெல்லாம் டவுன் ஹாலும் அரண்மனையும் வரைந்து அனுப்புவார்கள். இவன் வரைந்தது ஒரு குடியானவர் வீடு.

"ஏம்ப்பா, மாட்டுக் கொட்டாயப் பாத்து எவன் மார்க் போடுவான்?" என்று நான் கேலி செய்தேன்.

"போடாட்டிப் போறான். பொன்னாத்தாளுக்கு ஒரு நல்ல ஊடு வரையறேன், அவ்வளவுதான்" என்றான்.

பொன்னாத்தாள் அவன் மனைவி. அவன் வாரமெல்லாம் பாலக்காட்டில், அவள் ஊரில் அவனுடைய அண்ணன் வீட்டில். அந்த வீட்டுச் சமையல்கட்டை நானும் பார்த்திருக்கிறேன். பட்டப்பகலிலும் இருட்டு. புகை போக வழியில்லாமல் அவளுடைய நெஞ்சுக்குள்தான் போயிற்று. பத்து வருடமாக இருமிக்கொண்டிருந்தாள். ஆளும் கட்டை. மேல்பலகையில் இருக்கும் பானையை எடுக்க மணையின்மேல் ஏறுவாள். ஒரு தடவை மணை புரண்டு விழுந்து இடுப்பு பிசகி இரண்டு மாதம் படுத்திருந்தாள்.

ஐந்தாவது படம் அந்தச் சமையல்கட்டு. கிழக்கே ஜன்னல், கூரையில் புகை போகிற வழி, நின்று சமைக்கிற அடுப்பு, சுவரில் பலகை. மற்ற ஐந்து படங்களுக்கும் மை போட்டாகிவிட்டது. இது மட்டும் பென்சிலில் நின்றது. பலகையின் உயரம் எழுதவில்லை.

"ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயி அவள நிக்க வெச்சு அளந்துட்டு வந்து போடறேன்" என்றான். "கண்மதிப்புல போடறதுக்கு இதென்ன டவுன் ஹாலா?"

திங்கட்கிழமை தபாலில் சேர்க்க வேண்டும். அதற்கு முந்தைய வியாழக்கிழமை அவனுடைய அண்ணன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். பொன்னாத்தாளுக்கு மூன்று நாளாக விஷக்காய்ச்சல், பேச்சு குழறுகிறது என்றார். சென்னிமலை அளவு நாடாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அப்படியே கிளம்பினான்.

"அஞ்சாவது படம் கெடக்கட்டும் குப்பண்ணா. வரைஞ்சா நான்தான் வரையோணும். முடியாட்டி விட்டுடலாம்."

விட்டுத் தொலைத்திருக்கலாம். எட்டு வருட உழைப்பு ஒரு பலகையில் நின்றுபோவதா என்று எனக்குப் பொறுக்கவில்லை. சனியும் ஞாயிறும் ஆபீசில் தனியாக உட்கார்ந்து அந்தத் துணிக்கு மை போட்டேன். பதினோரு வருடம் அவன் எழுத்தையே பார்த்து எழுதியவன், வித்தியாசம் அவனுக்கே தெரியாது. பலகை உயரம் மட்டும் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் என் மனைவி குருவம்மாளைச் சுவரோரம் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, பாடைக்கு அளக்கறீங்களா?" என்றாள் அவள்.

ஆறடி வந்தது. அதையே எழுதினேன். திங்கட்கிழமை ஆறு துணிகளையும் சுருட்டி, அவன் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்த உறுதிமொழியையும் அதற்கு முதலாளி கொடுத்திருந்த சான்றையும் சேர்த்து, தகரக் குழாயில் அடைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட மிதப்பில் வீட்டுக்கு நடந்தேன். பொன்னாத்தாள் முந்தின நாளே செத்துப்போனது எனக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடித்து இருபதாம் நாள் வந்தான். குருவம்மாளை அளந்து பலகை உயரம் போட்டதுவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"தப்புப் பண்ணிப்போட்டே, குப்பண்ணா."

சங்கத்துக்கு எழுதுவதற்காக ஒரு காகிதத்தை எடுத்தான். பேனாவையும் தொட்டான். பிறகு காகிதத்தைத் திரும்ப வைத்துவிட்டான்.

"சரி. அவ சமையக்கட்டு அந்தத் துணியிலயாவது இருக்கட்டும்" என்றான்.

நாலு மாதம் கழித்துத் தகரக் குழாய் திரும்பி வந்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு ஐந்தாவது துணியை மேஜையில் விரித்தார். வலது கீழ் மூலையில் என் இரண்டு எழுத்து. எப்போது போட்டேன் என்று சத்தியமாக எனக்கு ஞாபகமில்லை. கை தன் வழக்கப்படி போட்டுவிட்டிருக்கிறது. வேற்றாள் கைப்பட்ட படம், பொய் உறுதிமொழி, இந்த ஆள் இனி எந்தப் பரீட்சைக்கும் வரக்கூடாது என்று சங்கம் எழுதியிருந்தது.

"இது ஆரு செஞ்ச பணி?" என்றார் முதலாளி. "நானும்கூடி கையொப்பிட்டுக் கொடுத்தேனே."

நான்தான் என்று சொல்ல வேண்டும். இவனுக்குத் தெரியாமல், இவன் வேண்டாமென்று சொன்ன பிறகு செய்தேன் என்று சொல்ல வேண்டும். நான் துணியின் சுருண்ட ஓரத்தை நீவிக்கொண்டிருந்தேன். வீட்டில் நாலு பெண்கள். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது.

"நான்தானுங்க போடச் சொன்னேன்" என்றான் சென்னிமலை. "நேரமில்லாமப் போச்சுங்க."

முதலாளி அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் அவருக்குப் படம் யார் போடுவது? அவன் அசிஸ்டென்டாகவே இருந்தான். அவனிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் ஆர்க்கிடெக்ட் ஆகிப் போனார்கள். நான் கோழை. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு ஆறு வருடம் தினமும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து கோழையாகவே இருந்தேன். அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை.

ஆறாவது வருடம் உடும்பஞ்சோலைப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்துக்கு, கூலியாட்கள் குடியிருக்க வரிசையாக முப்பத்தாறு வீட்டு லயம் வரைய வேண்டி வந்தது. சமையல்கட்டை வரைந்துகொண்டிருந்தவன் தலை நிமிராமல் கேட்டான்.

"பலகை எத்தனை உசரம் வெக்கலாம்?"

"ஆறடி" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

பென்சிலைக் கீழே வைத்தான்.

"அது குருவம்மாளுக்கு எட்டற உசரமப்பா. பொன்னாத்தாளுக்கு எட்டாது. துணி திரும்பி வந்த அன்னைக்கு அதான் மொதல்ல என் கண்ணுல பட்டுது. மூலையில உன் எழுத்து இருந்தது அதுக்கப்புறந்தான் தெரிஞ்சுது."

நான் மைக்கூட்டை மூடினேன்.

"காய்ச்சல்ல கெடக்கறப்பவே அளந்துட்டேன், குப்பண்ணா. கையத் தூக்கு கண்ணுன்னு சொன்னேன். எதுக்குன்னு கேக்காமத் தூக்குனா. அஞ்சடி நாலங்குலம். காயிதத்துல எழுதிச் சட்டைப் பையில வெச்சிருந்தேன். பரீட்சை போனதுகூட ஆறிப்போச்சு. இது ஆறலை."

"என்னை மன்னிச்சுக்க, சென்னிமலை" என்றேன். ஆறு வருடம் கழித்து அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அவன் தலையை ஆட்டினான். மன்னித்தானா என்று தெரியவில்லை. படத்தில் ஐந்தடி நாலங்குலம் என்று எழுதி என் பக்கம் நகர்த்தினான். நான் மை போட்டு, மூலையில் என் இரண்டு எழுத்தைப் போட்டேன்.

லயம் கட்டி முடிவதற்குள் அவன் நெஞ்சுவலியில் போய்விட்டான். முடிந்த வேலையைச் சரிபார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். ஏழாவது வீட்டில் மூக்கம்மாள் என்றொரு பெண் புதிதாகக் குடி வந்திருந்தாள். கட்டையான ஆள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டே ஒற்றைக் கையால் பலகையிலிருந்து பானையை இறக்கினாள்.

"யாரு அளந்தாகளோ சாமி, எனக்குன்னே அளந்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாள்.

சுவரைப் பார்க்கிறவன் போலத் திரும்பிக்கொண்டு அழுதேன். அவள் பயந்துபோய்ப் பிள்ளையை இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்தாள். டம்ளர் அந்தப் பலகையில்தான் இருந்தது.