எம்சி எடுக்காத கண்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நான் பல வருடம் நிரந்தரமாக வேலை பார்த்த தொழிற்சாலை ஒரு நாள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தது. நாங்கள் இங்கேயே கிடந்தோம். இரண்டு தெரு தள்ளி இன்னொரு தொழிற்சாலையில் அதே வேலைக்குச் சேர்ந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, சிப்பில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் இப்போது எனக்கு முதலாளி தொழிற்சாலை இல்லை, அதற்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட். எட்டு மணி நேர வேலை பன்னிரண்டாகிவிட்டது. போனஸ் இல்லை. சம்பளமோ கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை.

ஏஜென்டுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். ஆறு மாதம் ஒரு எம்சிகூட எடுக்காமல் இருந்தால் நிரந்தர வேலைக்கு என் பெயரைக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். எம்சி என்றால் உடம்பு சரியில்லாதபோது டாக்டர் தரும் விடுப்புச் சீட்டு. அதைக் கொடுப்பது டாக்டர் வேலை, எடுக்காமல் இருப்பது எங்கள் வேலை.

எனக்கு அந்த நிரந்தரம் வேண்டும். ஐம்பதை நெருங்குகிறேன். நாளைக்குப் பார்வை மங்கினால் ஏஜென்ட் என் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைத்துவிடுவார். நிரந்தர ஆளென்றால் வேறு பிரிவுக்காவது மாற்றுவார்கள். இந்த வயதில் மறுபடி வேலை தேடி அலைய எனக்குப் பயம்.

ஐந்தாவது மாதம், பக்கத்து நாற்காலி அக்கா ஒரு காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். பாகான் டாலாமிலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடல் பாலம் கடந்து வருகிறவர். உள்ளே போனால் எங்களுக்குத் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடை, வாயை மூடி முகமூடி. கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்தான் கோவைப்பழமாக இருந்தது.

"கண்ணு வலியாக்கா?"

"தூசிலா. சும்மா இரு."

"எந்தத் தூசி? தூசி வரக்கூடாதுன்னுதானே நம்மள இப்படி மூட்டை கட்டி வச்சிருக்கான். எம்சி போடுங்கக்கா. ஒரே மைக்ராஸ்கோப்புல எத்தன பேரு கண்ண வைக்கிறோம்."

"நீ போடுவியா?"

நான் என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். அவர் அப்படிக் கேட்ட எரிச்சல் இன்னும் போகவில்லை.

மறுநாள் அக்கா ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். கோயிலில் பறித்த நந்தியாவட்டைப் பூ, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சியாம். பிரேக் நேரத்தில் டாய்லெட்டில் வைத்து முதலில் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "இன்னும் வராதவங்களும் வச்சுக்குங்க. வந்துட்டா எம்சிதான்" என்றார். கொரோனாவையே பார்த்தவர்கள், உள்ளே நுழையும்போதெல்லாம் கை கழுவுகிறவர்கள், வரிசையாக நின்று அதே தண்ணீரில் பூவை முக்கி முக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டோம். ஆம், நானும்தான். இவ்வளவு வாய் பேசுகிற நானும்தான்.

வாரம் முடிவதற்குள் ஒருத்தி மிச்சமில்லை. சூப்பர்வைசர், ஒரு மலாய்க்காரப் பெண், நாற்காலி நாற்காலியாக நின்று எங்கள் கண்களைப் பார்த்துக்கொண்டே போனார். கடைசி நாற்காலியில் "அலாமாக்" என்று தலையில் கை வைத்தார். அன்றைக்கே எங்கள் பகுதியை மூடி, எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் சம்பளம் கிடையாது.

ஜெலுத்தோங்கில் என் வீட்டில் முதல் நாள் மத்தியானம்வரை தூங்கினேன். மூன்றாம் நாள், பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்த கால் வீக்கம் வற்றியது. உடம்புக்கு அது பிடித்திருந்தது. அதை நினைத்தாலும் கோபம்தான் வந்தது.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "தம்பி, எங்கள்ல யாருமே எம்சி எடுக்கல. கம்பெனிதான் மூடுச்சு."

"கரெக்ட்டுதாங்கக்கா. ஆனா வேலைக்கு வரல தானே? தெறக்குற நாள்லேர்ந்து புதுசா ஆறு மாசம்லா."

"கம்பெனில பேசிப் பாக்கட்டா?"

"கம்பெனி என்னா செய்யும்? பேரு குடுக்குறது நாங்கதானே."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கத்தினேன். நல்லாவே கத்தினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிங்கக்கா, கண்ணப் பாத்துக்குங்க" என்று மரியாதையாகப் போனை வைத்தார். அவரும் பதிலுக்குக் கத்தியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடியும் முதல் நாளிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு மைக்ராஸ்கோப் பக்கத்திலும் துடைக்கிற ஈரத்தாள் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். இதை முன்பே வைக்க யார் கையைப் பிடித்தார்கள் என்று தெரியவில்லை.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அக்கா முகமூடிக்குள் இருமினார். சாதாரண இருமல் இல்லை, நெஞ்சிலிருந்து வந்தது. தோள் குலுங்கியது. வரிசையின் அந்தக் கோடியில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணெல்லாம் தண்ணீர். எம்சி போடுங்கக்கா என்பது என் வாய்வரை வந்தது.

"அடக்குங்கக்கா," என்றேன். "அவ இந்தப் பக்கந்தான் வர்றா."