வேப்பமரம் எந்த மாநிலத்தில் நிற்கிறது

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். சுங்கை ரம்பாயில் என் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாநிலம், ஜொகூர். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டக் கூடாது. நான் ஒரு வருடமும் தாண்டியதில்லை.

இந்த வருடம் காப்புக் கட்டிய மறுநாள், நிலம் அளக்க வந்தவர் ஆற்றங்கரையில் நிற்கும் என் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம், வீட்டுப் பக்கமாக எல்லைக்கல் நட்டார்.

"ஆறு நகர்ந்துருச்சு பாட்டி. சட்டத்துல பழைய ஆத்தோட நடுக்கோடுதான் எல்லை. உங்க மரம் ஜொகூர்ல இருக்கு லா."

"அப்ப ஆறு எதுக்குத் தம்பி ஓடுது?" என்றேன். சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலையில்தான் அந்த மரத்தில் அம்மனுக்கு வேப்பிலை பறித்திருந்தேன். காப்பு முறிந்ததா என்று பூசாரியிடம் போய்க் கேட்டேன்.

"எல்லை கட்ட நான் எலுமிச்சம்பழம் அறுத்துப் போட்டது எங்கக்கா?"

"இப்ப ஓடுற ஆத்தங்கரையில."

"அம்மனுக்கு அதுதான் எல்லை. கல்லு கவர்மெண்டுக்கு."

காப்பைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்தேன். ஒரே மரம் எப்படி இரண்டு இடத்தில் நிற்கும் என்று யோசித்துக்கொண்டே இதை எழுதினேன். பேத்தியிடம் தாளை நீட்டினேன்.

"மெதுவா வாசிம்மா. ரெண்டு எல்லையும் விளங்குதான்னு கேக்கிறேன்."